ஓடுபாதைக்குக் கட்டிய சுவர்

ஸல் அஸ்மர்,
ஜமாதுல் அவ்வல் 3, 1396

அன்பும் மரியாதையும் நிறைந்த அபூ ஸுஹைல் அவர்களுக்கு, உங்கள் மனைவி கல்தம் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் மகள் ஷம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். ஆடுகள் நலம். கறுப்பி இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது. உங்கள் அண்ணன் ஹுரைஸும் நலம்தான், ஆனால் என்மேல் பாதிக் கோபத்தோடு இருக்கிறார். முழுக் கோபம் போன மாதமே தீர்ந்துவிட்டது. காரணம் கீழே வருகிறது, அதைப் படித்ததும் நீங்களும் கோபப்படுவீர்கள். அதனால் நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாளைக்கு நம் ஊருக்கு விமானம் வருகிறது! தலைக்கு மேலே பறந்து போய்விடுகிற விமானம் இல்லை. இறங்குகிற விமானம். நம் ஊரில், நம் மண்ணில் இறங்கி நிற்கப் போகிறது. எனக்கு நேற்றிலிருந்து தலைகால் புரியவில்லை. ரொட்டியில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். ஷம்மா துப்பிவிட்டாள்.

இந்தக் கடிதமும் அதில்தான் வரப்போகிறது. போன கடிதம் யாரோ கடற்கரைக் கஸப்புக்கு இறங்கிப் போகிறவர் மடியில் ஏறி, கருவாட்டுப் படகில் உட்கார்ந்து, நீங்கள் வேலை பார்க்கும் துறைமுகத்துக்கு வந்து சேர இரண்டு மாதம் ஆயிற்று என்று எழுதியிருந்தீர்கள். இது பறந்து வரும். முகர்ந்து பாருங்கள், மீன் வாடை இருக்காது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் கோதுமை அறுத்துக் களத்தில் சேர்த்த கையோடு, ராணுவத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கஸப்பிலிருந்து நடந்தே வந்தார், பாவம். இரண்டு நாள் ஏற்றம் அவர் காலைக் கொப்புளமாக்கிவிட்டது. தண்ணீர்ச் சட்டியில் காலை வைத்துக்கொண்டேதான் ஊர்க்கூட்டத்தில் பேசினார். மலை ஊர்களுக்கு மாவும் மருந்தும் கொண்டுவர அரசாங்கம் விமானம் விடப்போகிறதாம். கரடுமுரடான இடத்திலும் இறங்கும், கொஞ்ச தூரம் ஓடினாலே எழும்பிவிடும் என்றார். அதற்கு நானூறு எட்டு வைக்கிற நீளத்துக்கு மேடுபள்ளம் இல்லாத தரை மட்டும் போதுமாம்.

நானூறு எட்டுச் சமதரை! நம் ஊரில்! எல்லாரும் முதலில் மலையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் அத்தனை கண்ணும் நம் வயலுக்குத்தான் வந்தது. நம் வயலும் ஹுரைஸ் அண்ணன் வயலும் சேர்ந்தால்தான் நானூறு வரும். ஊருக்கே தெரியும்.

நான் கொடுத்துவிட்டேன்.

எழுதிவிட்டேன், இனி மூச்சு விடலாம். உங்கள் வாப்பா கல் பொறுக்கி, கீழிருந்து கூடையில் மண் சுமந்து உண்டாக்கிய வயலை, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்று, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஹுரைஸ் அண்ணன் துள்ளிக் குதித்தார். “அவன் நிலத்தைக் கொடுக்க நீ யாரு? நாளைக்கு அவன் வந்து கேட்டா நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்குவேன்?” என்றார். “அவரு வந்து கேக்கட்டுமே மச்சான், அதுக்குத்தானே கொடுக்கிறேன்” என்றேன். கூட்டம் சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. பிறகு நான் ஒன்று சொன்னேன். “அன்னைக்கு அவரோட கூடப் போனது நீங்கதானே மச்சான். இந்த விமானம் அன்னைக்கு இருந்திருந்தா?” அவ்வளவுதான் சொன்னேன். அவர் எழுந்து போய், இரண்டு வயலுக்கும் நடுவே இருந்த வரப்புக் கல்லை முதல் ஆளாகப் பெயர்க்க ஆரம்பித்தார்.

காய்ச்சலில் கொதித்த நம் மகன் ஸுஹைலை நீங்கள் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியபோது ஷம்மா என் வயிற்றில் ஏழு மாதம். அண்ணன் மட்டும் திரும்பி வந்தார். பாதி வழியில் பிள்ளை போய்விட்டான், இலந்தை மரத்தடியில் அடக்கம் செய்தோம் என்றார். நீங்கள் அங்கிருந்தே கீழே இறங்கிப் போய்விட்டதாகவும், இனி அந்தப் பாதையில் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னதாகவும் சொன்னார். ஐந்து வருடம் ஆகிறது. முந்தின வருடம் கஸப் வரை வந்து, கழுதையில் சாமான் ஏற்றி, மலையின் காலடி வரை நடந்து, அங்கே உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பிப் போனீர்கள் என்று கழுதைக்காரன் சொன்னான். நீங்கள் அதை எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. உங்களைக் குறை சொல்லவும் மாட்டேன். நானும் அந்தப் பக்கம் இறங்கியதில்லை.

போகட்டும். நல்ல சேதியில் இதை ஏன் கொண்டுவந்தேன்!

வேலையைக் கேளுங்கள். ஊரே சேர்ந்து இருபது நாள் கல் பொறுக்கினோம். கூழாங்கல்கூட விடவில்லை. பொறுக்கிய கல்லை எங்கே போடுவது? அங்கேதான் என் யோசனை வேலை செய்தது. “சுவர் இல்லாத வயல் உண்டா? ஆடு உள்ளே வந்து ஓடுபாதையில படுத்துக்கிட்டா அரசாங்கத்துக்கு யார் பதில் சொல்றது?” என்று கேட்டேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நாலு பக்கமும் நெஞ்சு உயரத்துக்குச் சுவர் எழுப்பி, மேலே முள் பரப்பி, ஒரு கழுதை நுழைகிற அளவுக்கு வாசல் விட்டிருக்கிறோம். மலையில் இத்தனை அழகான சுவர் வேறு எந்த ஊரிலும் கிடையாது. அந்த அதிகாரி பார்த்தால் வாயடைத்துப் போவார்.

வயலைக் கொடுத்ததற்காக என்னைத் திட்ட வேண்டுமானால் கடிதத்தில் திட்டாதீர்கள். நேரில் வந்து திட்டுங்கள், தலை குனிந்து கேட்டுக்கொள்கிறேன். அல்லாஹ் உங்களைக் காப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் கல்தம்


கஸப்,
ஜமாதுல் அவ்வல் 7

அன்புள்ள அபூ ஸுஹைல் அவர்களுக்கு, கல்தமின் ஸலாம்.

மேலே கஸப் என்று பார்த்ததும் பதறாதீர்கள். ஷம்மா நலம். இந்த நிமிடம் என் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்று கொட்டையை ஹுரைஸ் அண்ணன்மேல் துப்பிக்கொண்டிருக்கிறாள். நலம், நலம், நலம். மூன்று முறை எழுதிவிட்டேன், இனி பொறுமையாகப் படியுங்கள்.

முதல் கடிதம் போகவே இல்லை, என் மடியிலேயே தங்கி என்னோடு வந்துவிட்டது. அதையும் இதோடு வைத்திருக்கிறேன். சுவரைப் பற்றி நான் அடித்துக்கொண்ட பெருமையைப் படித்து ஆசைதீரச் சிரியுங்கள். ஹுரைஸ் அண்ணன் இங்கே சிரித்து முடித்துவிட்டார்.

விமானம் சொன்னபடி காலையில் வந்தது. ஆண்கள் கைக்கோடரியோடு வரிசையாக நின்றார்கள். பெண்கள் கூரைமேல். நான் நீங்கள் அனுப்பிய பச்சைத் துணியில் தைத்ததை உடுத்தியிருந்தேன். பறவை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. டிரங்குப் பெட்டிக்கு இறக்கை முளைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அந்தப் பெட்டி தாழ்ந்து தாழ்ந்து வந்தது. சக்கரம் தெரிந்தது. கண்ணாடிக்குள் சிவந்த முகம்கூடத் தெரிந்தது. நாங்கள் குலவையிட வாயைத் திறந்தோம். அது ஒரு கத்துக் கத்தி, அப்படியே மேலே ஏறிப் போய்விட்டது.

இரண்டாம் முறை வந்தது, மறுபடியும் ஏறிப் போனது. மூன்றாம் முறை அதிலிருந்து சிவப்புத் துணி கட்டிய மணல் பை ஒன்று விழுந்தது. உள்ளே ஒரு சீட்டு. மற்றவர்கள் எழுத்துக் கூட்டுவதற்குள் நான் பிடுங்கி உரக்கப் படித்தேன். “அருமையான சுவர். ஆனால் இது வயல் இல்லை, விமானம் வாசல் வழியாக நுழையாது. இரண்டு முனையிலும் சுவரைத் தரைமட்டம் ஆக்குங்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால் திரும்பி வந்து பார்ப்போம். அப்போதும் சுவர் இருந்தால் அடுத்த மாதம்தான்.”

ஹுரைஸ் அண்ணன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். “ஆடு வந்து படுத்துக்கும்னு சொன்ன மகராசி யாரு?” என்று கேட்டார். எனக்கு மூஞ்சியில் ஈ ஆடவில்லை. கூரையிலிருந்து இறங்கிப் போய் முதல் கல்லை எடுத்தேன்.

வேலை நத்தை வேகத்தில் நடந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இருபது நாள் கட்டியதை இடிக்க யாருக்குக் கை வரும்? பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற உபைத் மாமா விமானிக்காக இரண்டு கிடா அறுத்து வைத்திருந்தார். “விருந்தாளி வாசல் வரைக்கும் வந்து பட்டினியாத் திரும்பிட்டானே, கறி ஆறுதே” என்று அவர் புலம்பல் அவருக்கு. சிலர் காப்பி குடித்துவிட்டு வருகிறோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போதுதான் ஷம்மா கத்தினாள். பெரியவர்களைப் பார்த்துத் தானும் சின்னக் கல் எடுக்கிறேன் என்று சுவர் இடுக்கில் கையை விட்டிருக்கிறாள். சுருட்டை விரியன். இருபது நாளாக அது குடியிருக்க நான்தான் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணன் ஒரே வெட்டில் பாம்பை இரண்டாக்கினார். ஆனால் பிள்ளையின் கை என் கண்முன்னே வீங்கியது. கொஞ்ச நேரத்தில் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று நம் மலையில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விஷத்தை முறிக்கிற ஊசி கஸப்பில் இருக்கிறது. கஸப் இரண்டு நாள் இறக்கம்.

அண்ணன் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டார், தலைத்துணியை அவிழ்த்துத் தன்னோடு சேர்த்துக் கட்டினார், பாதைப் பக்கம் திரும்பினார். நீங்கள் அன்று இறங்கிய அதே மாதிரி. நான் குறுக்கே போய் நின்றேன். “வழி விடு புள்ள. ராத்திரி பகல் பாக்காம ஓடினா நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள போயிரலாம்” என்றார். “அந்தப் பாதை ஒருத்தனை எடுத்துக்கிட்டது போதும் மச்சான். பிள்ளையை இறக்குங்க. கல்லை எடுங்க” என்றேன். “விமானம் வரலேன்னா?” என்று கேட்டார். வராவிட்டால் என் பிள்ளையை நானே கொன்றவள் ஆவேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஷம்மாவை அவிழ்த்து உபைத் மாமாவின் மனைவி மடியில் கிடத்திவிட்டு, சுவர்மேல் பாய்ந்தார். அதற்கப்புறம் காப்பியாவது கறியாவது! கோடரிக் காம்பை நெம்புகோலாக்கினார்கள். கழுதைகளைக் கட்டி இழுத்தார்கள். எனக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஆடு விஷயத்தில் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை, தெரியுமல்லவா? அவள் என் எதிரே நின்று கல்லை வாங்கி வாங்கி மலைச்சரிவில் உருட்டினாள். முள் கிழித்த கையோடு எல்லாரும் வேலை செய்தார்கள். எவரும் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

நிழல் நீண்டுவிட்டது. மேற்கு முனையில் இன்னும் பத்து முழச் சுவர் பாக்கி. உபைத் மாமாவைப் பார்த்தோம், அஸர் பாங்கு சொல்ல வேண்டிய நேரம். அவர் வானத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “அஸருக்கு முன்னாடி வர்றேன்னுதானே எழுதியிருக்கான்? நான் பாங்கு சொல்ற வரைக்கும் இந்த ஊர்ல அஸர் கிடையாது. கொஞ்சம் தாமதிச்சா அல்லா பொறுத்துக்குவான், நீங்க கையைப் பாருங்கடா” என்று சத்தம் போட்டார். அவரே வந்து ஒரு பாறாங்கல்லைப் பிடித்துக்கொண்டார்.

கடைசிக் கல் சரிவில் உருண்டுபோன சத்தமும் விமானத்தின் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. வந்தது! பெட்டி நேராக வந்தது, மலையை ஒட்டித் திரும்பியது, சுவர் இருந்த இடத்துக்கு மேலே தவழ்ந்து, நம் வயலில் சக்கரத்தை வைத்தது. புழுதி ஊரையே மூடியது. இப்படி ஓர் அழகை நான் என் கல்யாணத்திலும் பார்க்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஆண்கள் சும்மா இருப்பார்களா? விருந்தாளி வந்தால் வட்டமாக நின்று கோடரியைத் தூக்கி ஊளையிட்டு வரவேற்பதுதானே நம் வழக்கம். மலை அதிர ஊளையிட்டார்கள். அதைப் பார்த்த விமானி கதவையே திறக்கவில்லை! கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கக் கதவு வாய்போலத் திறந்தது. உள்ளே சாமான் ஏற்றி இறக்குகிற பலூச்சிக்காரர் ஷாதாத் நின்று, “அண்ணே, நீங்க வரவேற்கிறீங்களா, வெட்டப் போறீங்களா? அதை முதல்ல சொல்லுங்க” என்று கத்தினார். நான் எதையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பிள்ளையோடு நேரே அந்த வாய்க்குள் ஓடினேன்.

ஷாதாத் ஷம்மாவின் கையைப் பார்த்தார், முன்னே போய் விமானியிடம் ஏதோ சொன்னார். விமானி திரும்பி ஒரு முறை பார்த்ததோடு சரி. விசிறிகள் நிற்கவே இல்லை. மாவு மூட்டைகளை நம் ஆட்கள் உருட்டித் தள்ளினார்கள். உபைத் மாமா ஓடிவந்து ரொட்டியில் சுற்றிய ஒரு கிடாத்தொடையை ஷாதாத்தின் கையில் திணித்தார். ஹுரைஸ் அண்ணன் கோடரியோடு ஏறி உட்கார்ந்துவிட்டார், யாரும் அழைக்கவில்லை.

பெட்டி குதித்துக் குதித்து ஓடியது. பெரிய மூச்சு ஒன்று வாங்கியது. தரை காணாமல் போயிற்று. என் வயிறு மட்டும் நம் வயலிலேயே நின்றுவிட்டது என்று நினைக்கிறேன்.

கஸப் வந்து சேர எத்தனை நேரம் என்று நினைக்கிறீர்கள்? கால் மணி நேரம். இரண்டு நாள் பாதை, கால் மணி நேரம்! டாக்டரம்மா காத்திருந்தார். ஷாதாத் வழியிலேயே விமானத்து வயர்லெஸ்ஸில் பேசிச் சொல்லியிருக்கிறார். அன்று ஓர் ஊசி, மறுநாள் ஒன்று. மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. “இந்த விஷத்துக்கு ரெண்டு நாள் ரொம்ப அதிகம்மா” என்று மட்டும் டாக்டரம்மா சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஹுரைஸ் அண்ணன் வெளியே போய் அழுதார், தூசி விழுந்துவிட்டதாம்.

இப்போது உங்கள் மகள் மருத்துவமனைச் சுவரெல்லாம் கரியால் பெட்டி வரைந்து இறக்கை போட்டுக்கொண்டிருக்கிறாள். யார் வந்தாலும், “எங்க வயல்லதான் விமானம் விளையுது” என்று சொல்கிறாள். வாப்பா எப்போது வருவார் என்று ஷாதாத் கேட்டதற்கு, “அவருக்கு நடக்கத் தெரியாது” என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஓடுபாதை சரியாகிவிட்டதால் விமானம் இனி வாரம் ஒரு முறை மேலே போகுமாம். மூட்டைகளோடு ஆளுக்கும் இடம் உண்டு. கஸப்பில் சாமான் ஏற்றி இறக்க ஆள் தேடுகிறார்களாம், துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வார்கள் என்று ஷாதாத் சொல்கிறார். உழுவதற்கு நிலம் இல்லாமல் செய்துவிட்டாளே என்று நீங்கள் நினைக்கக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். இங்கே உறவினர் வீட்டில் நானும் ஷம்மாவும் ரமலான் வரை தங்கியிருப்போம். படகு வரும் நாளெல்லாம் துறைக்குப் போய்ப் பார்ப்போம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். அன்று விமானத்தில் ஹுரைஸ் அண்ணன் என் தோளைத் தொட்டு வலப்பக்க ஜன்னலைக் காட்டினார். கீழே பாதை தெரிந்தது, நூல் மாதிரி. பாதி வழியில் ஓர் இலந்தை மரம். அடியில் வெள்ளைக் கல் சுற்றி வைத்திருந்தது, இத்தனூண்டு. ஷம்மாவை மடியில் வைத்துக்கொண்டு ஸுஹைலுக்காக ஃபாத்திஹா ஓத ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் கடல் வந்துவிட்டது. ஐந்து வருடமாக நாம் இரண்டு பேரும் தாண்ட முடியாத இடம், அவ்வளவுதான் இருந்தது.

ஆகவே வாருங்கள். ஓர் அடிகூட நடக்க வேண்டாம். மேலே போகும்போது அது இடப்பக்கம் வரும், நீங்கள் வலப்பக்கம் உட்காருங்கள், நடுவில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். அப்படியும் முடியாது என்றால் கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாண்டியதும் நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எல்லாத் தொழுகையிலும் கேட்கும்
கல்தம்